தலைக்கு 28,000 யென்

மலைப்பக்கம் எங்காவது போகலாம் என்று ஆரம்பித்தது நான்தான். கல்யாணமாகி டோக்கியோ வந்து மூன்று வருஷம். எங்கள் பேட்டை நிஷிகசாயின் மளிகைக் கடையைத் தாண்டி எங்கும் கூட்டிப் போகவில்லை என்று வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது.

தக்கயாமா என்றேன். பழைய மரவீடுகள், ஆற்றங்கரையில் காலைச் சந்தை, வாசலில் தேவதாரு இலையைப் பந்தாகக் கட்டித் தொங்கவிட்ட சாக்கே என்கிற அரிசி மதுக் கடைகள். நகோயாவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். ஹிதா மாட்டிறைச்சிக்கும் பேர்போன ஊர் என்பதை மட்டும் சொல்லவில்லை. மனைவி சுத்த சைவம். நான் வெளியில் எல்லாம் சாப்பிடுவேன்.

ஏப்ரல் 14, 15 அங்கே தேர்த் திருவிழா. நமக்கும் சித்திரை ஒன்று, பத்துப் பொருத்தமும் இருக்கிறதே என்று மார்ச்சில் அறை தேடினால், ஊரில் பாய் விரிக்க இடமில்லை. மே கடைசிக்குத் தள்ளினோம்.

ரியோகான் என்கிற மரபான ஜப்பானிய விடுதி ஒன்று கிடைத்தது. 28,000 யென், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. இரண்டு ராத்திரிக்கு 56,000 என்று மனக்கணக்கு போட்டுக் கடைசிப் பக்கம் போனால் 1,12,000.

"ஒரே ரூம்தானேங்க?"

"தலைக்கு இவ்வளவாம். பந்திக் கணக்கு."

ஒரு ராத்திரி ரியோகான், மறுநாள் சாதா ஓட்டல் என்று சமாதானமாகி, சைவம் என்று மெயில் போட்டேன். பணிவான பதில் வந்தது: மீன், இறைச்சியை எடுத்துவிடலாம். தாஷி பரவாயில்லையா?

"தாஷி யாரு?"

சூரை மீனைப் புகைபோட்டுக் காயவைத்து, சீவி, கொதிக்கவைத்து எடுக்கிற சாறு என்று சுற்றி வளைத்தேன். அவள் தூத்துக்குடிக்காரி. பக்கத்து வீட்டில் வறுத்தாலே ஜன்னலைச் சாத்துகிற குடும்பம்.

"மாசிக் கருவாடா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப மிசோ சூப்பு?"

சோயா விழுதைக் கரைத்த அந்தச் சூப்பைக் கடைக்குக் கடை இரண்டு கிண்ணம் கேட்டுக் குடித்தவள். நான் ரயில் நேரம் பார்ப்பதுபோல் போனைக் குடைந்தேன்.

"உடோன் நூடுல்ஸ்?"

"அதுலயும்தான்... பெரும்பாலும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டாவது மாசம்."

அன்று ராத்திரி என் லேப்டாப் அவள் மடியில். புத்த மடங்களின் சமையலில் மீனே கிடையாது, கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் சாறெடுப்பார்கள் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அப்படிச் செய்ய முடியுமா என்று ரியோகானுக்கு அவளே எழுதினாள். முடியும் என்றார்கள். மலைக்கீரை, தோஃபு, இலையில் வைத்துக் கனலில் சுடும் மிசோ. எத்தனை பேருக்கு என்று கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருக்குமே" என்று அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் காட்டினாள்.

காலையில் பதில் வந்திருந்தது. மிக்க மகிழ்ச்சியாம். கட்டணத்தில் மாற்றமில்லை, தலைக்கு 28,000.