இம்போர்ட் கார்டு: கடல் கடந்து ஆடும் வேலை

அமெரிக்காவின் முதன்மையான கூடைப்பந்து லீகான என்பிஏவில் 30 அணிகள். அணிக்கு 15 வழக்கமான இடங்கள், 2023-24 பருவம் முதல் கூடுதலாக மூன்று ‘டூ-வே’ இடங்கள், அதாவது என்பிஏவுக்கும் அதன் கீழ்நிலை லீகான ஜி லீகுக்கும் இடையே மாறி ஆடுபவர்களுக்கானவை. மொத்தம் 540 பேர். அதற்குள் நுழையத்தான் உலகமே முட்டி மோதுகிறது. ஆறடி இரண்டங்குல உயரம், கல்லூரியில் ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுத்த கை, ஆனால் புதியவர்களை என்பிஏ அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் வரவில்லை. அப்படிப்பட்ட கார்டுக்கு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரருக்கு, இரண்டே வழிகள். ஒன்று ஜி லீக்: 2023-24 பருவம் முழுவதற்கும் சம்பளம் 40,500 டாலர். மற்றது வெளிநாடு. ஐரோப்பாவின் நடுத்தரமான கிளப்கூட வரி போக அதைவிடக் கூடுதலாகத் தரும். வீடு, கார், விமானச் சீட்டு தனி.

அங்கே அவருக்குப் பெயர் ‘இம்போர்ட்’. வெளிநாட்டவர் எத்தனை பேர் ஆடலாம் என்பதற்குப் பெரும்பாலான லீகுகளில் வரம்பு உண்டு. ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் 12 பேர் கொண்ட அணியில் ஆறு பேர் உள்நாட்டவராக இருக்க வேண்டும். தென் கொரியாவில் கிளப்புக்கு இரண்டு இம்போர்ட். 2025-26 பருவத்தில் ஒரு நேரத்தில் களத்தில் ஒருவர்தான். அந்த ஒற்றை இடத்தைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் நெட்டையான சென்டருக்கே ஒதுக்குவார்கள், ஏனென்றால் பந்தைக் கொண்டுபோக உள்ளூரிலேயே நல்ல கார்டுகள் இருக்கிறார்கள். சீனாவுக்கு 2010இல் போன ஸ்டீஃபன் மார்பரி 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் பெய்ஜிங் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். ஆனால் அவர் என்பிஏவில் ஏற்கெனவே பெயர் எடுத்துவிட்டுப் போனவர். பெயர் இல்லாமல் கிளம்பும் கார்டுக்கு ஐரோப்பாதான் இயல்பான சந்தை.

முதல் ஒப்பந்தத்தில் தொகையைவிட ஆடும் நிமிடங்களைப் பார்ப்பதே சரி. பெரிய கிளப்பின் பெஞ்சில் எட்டு நிமிடம் ஆடுபவரைவிட, சிறிய ஊரில் 33 நிமிடம் பந்தைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் அடுத்த ஆண்டு காட்ட வீடியோ இருக்கும். மைக் ஜேம்ஸ் 2012இல் லாமர் பல்கலைக்கழகத்திலிருந்து டிராஃப்ட் ஆகாமல் வெளியே வந்தவர். குரோஷியா, இஸ்ரேல், இத்தாலியின் கீழ்ப்பிரிவு, கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவு என்று படிப்படியாக ஏறித்தான் பாஸ்கோனியா, பனதினாய்கோஸ் போன்ற பெரிய கிளப்புகளுக்குப் போனார். 2024இல் ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப்புகள் மோதும் யூரோலீகின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

ஒப்பந்தம் சில பக்கங்கள்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரியும் பணம். சம்பளம் ‘நெட்’ என்று எழுதியிருக்க வேண்டும், அதாவது அந்த நாட்டு வரியைக் கிளப்பே கட்டும். பொதுவாகப் பத்து மாதத் தவணை. ஏஜென்ட்டின் கூலி வழக்கமாக 10 சதவீதம், அதையும் கிளப்பே தருகிறது. என்பிஏவில் ஆட்டக்காரர் தன் சம்பளத்திலிருந்து அதிகபட்சம் 4 சதவீதம் தருவார். பலர் சறுக்கும் இடம் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று இருக்கும். விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே பயிற்சிக்கு வரச் சொல்வார்கள். பரிசோதனைக்கு முன்பே கணுக்கால் பிசகிவிட்டால் கிளப் கைவிரித்துவிடும். பரிசோதனை முடியும்வரை பயிற்சியில் இறங்குவதில்லை. அதற்கு முன்பே கிளப் தன்னைப் பயிற்சியில் இறக்கினால் தேறியதாகவே கருத வேண்டும். இந்த இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சம்பளத் தாமதம். நல்ல ஒப்பந்தத்தில் நாள் கணக்கு தெளிவாக இருக்கும்: பணம் இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கு வராமல் இருக்கலாம், இன்னும் இத்தனை நாள் கடந்தால் விலகலாம், விலகினாலும் மீதித் தொகை முழுவதும் பாக்கிதான். பிளேஆஃப் வாய்ப்பு போனதும் பிப்ரவரி, மார்ச்சில் தவணைகள் தள்ளிப்போவது சிறிய கிளப்புகளில் சாதாரணம். அப்போது மேலாளரிடம் வாய்ப்பேச்சு பேசிக்கொண்டிருப்பது போதாது, எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். வழக்கு என்று வந்தால் போக வேண்டிய இடம் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2007இல் ஏற்படுத்திய கூடைப்பந்து நடுவர் மன்றம், அதாவது பேட். அதன் இருக்கை ஜெனீவா, விசாரணை ஆங்கிலத்தில், பொதுவாக ஒற்றை நடுவர். தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போட முடியும். கிளப்புகள் அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் பேட் பற்றிய ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தெரியாத மொழியில், உள்ளூர் நீதிமன்றத்தில் அலைய வேண்டியதுதான்.

இனி களம். கல்லூரியிலிருந்து வருபவருக்கு மூன்று புள்ளிக் கோடு புதிதல்ல. 2019-20 முதல் அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்திலும் ஃபிபாவின் 6.75 மீட்டர்தான். என்பிஏ, ஜி லீக் விதிகளுக்குப் பழகியவரைத் திணறவைப்பது வேறு. ஃபிபா விதியில் தடுப்பாளர் மூன்று விநாடிக்கு மேல் பெயின்ட்டில், அதாவது வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டத்தில், நிற்கக் கூடாது என்ற தடை கிடையாது. சென்டர் வளையத்தின் அடியிலேயே ஆட்டம் முழுக்க நிற்கலாம். முதல் ஆளைத் தாண்டிவிட்டால் பாதை திறக்கும் என்று பழகிய கார்டு, தாண்டியதும் சுவரைப் பார்ப்பார். மிதக்கவிட்டுப் போடும் ஃப்ளோட்டரும் முழுக் காப்பு இல்லை. பந்து வளையத்தைத் தொட்ட பிறகு எவரும் அதைத் தட்டிவிடலாம். வளையத்தில் உருண்டு உள்ளே விழும் பந்துகள் அமெரிக்காவில் புள்ளி, இங்கே கைக்கு எட்டினால் வெளியே போய்விடும். ஆகவே பிக் அண்ட் ரோலில், அதாவது தடுப்பாளரைச் சக வீரர் மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டத்தில், கார்டின் முதல் கண் வளையத்துக்கு அல்ல, எதிர்மூலையில் நிற்கும் ஷூட்டரைக் காக்க வேண்டியவர் எவ்வளவு உள்ளே நகர்ந்திருக்கிறார் என்பதற்குப் போக வேண்டும்.

இரண்டு பேர் மூலையில் மடக்கும்போது டைம்அவுட் கேட்டுத் தப்பிப்பது அமெரிக்கப் பழக்கம். ஃபிபாவில் ஆட்டக்காரர் டைம்அவுட் கேட்க முடியாது; பயிற்சியாளர்தான் கேட்கலாம், அதுவும் பந்து ஓட்டத்தில் இருக்கும்போது கிடைக்காது. அரைக்கோட்டைத் தாண்டும் முன்பே பந்தைக் கைமாற்ற யார், எங்கே நிற்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும்போது ஊன்றிய கால் எழும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும்; ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டங்களில் புதிதாக வந்தவர்களுக்கு டிராவல் விசில் அடுத்தடுத்து விழுவது இதனால்தான்.

ஆட்டம் 40 நிமிடம். என்பிஏவில் ஓர் அணிக்கு நூறு தாக்குதல்கள் கிடைத்தால், யூரோலீகில் சுமார் 70. பந்தை எதிரணியிடம் இழக்கும் ஒவ்வொரு டர்ன்ஓவரின் விலையும் அந்த அளவுக்குக் கூடுகிறது. உள்நாட்டு லீக் மட்டும் ஆடும் கிளப்பில் பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான், மற்ற நாட்கள் பயிற்சி. தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு வேளை. சனிக்கிழமை மோசமாக ஆடினால் அதைத் துடைக்க அடுத்த சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும். கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் ஆபத்து உள்ள லீகுகளில் நான்கைந்து தோல்வி சேர்ந்தாலே முதலில் மாற்றப்படுபவர் இம்போர்ட் கார்டுதான். உள்ளே கொண்டுவந்தது அவர் எடுக்கும் புள்ளிகளாக இருக்கலாம். தங்கவைப்பது அணி ஜெயிப்பது மட்டுமே.

அமெரிக்காவில் யோசிக்கவே தேவையில்லாத கணக்கு ஒன்று உண்டு. அட்டவணையில் சமநிலை வந்தால் இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு பார்க்கப்படும். அதிலும் சமம் என்றால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். சொந்த மைதானத்தில் 8 புள்ளியில் ஜெயித்திருந்தால், எதிரியின் ஊரில் 7 புள்ளியில் தோற்றாலும் லாபம்தான், 9 என்றால் நஷ்டம். தோற்றுவிட்ட ஆட்டத்தின் கடைசி 20 விநாடியில் பந்தைத் தட்டிக்கொண்டு நேரத்தைக் கழிக்கும் கார்டைப் பார்த்து அரங்கமே கத்துவது இதற்காகத்தான். முதல் ஆட்டத்தின் வித்தியாசம் மனத்தில் இருப்பது கார்டின் பொறுப்பு.

நிலைத்து நிற்பவர்களுக்குக் குடியுரிமை ஒரு திருப்பம். பக்னெல் கல்லூரியில் ஆடிய ஜே. ஆர். ஹோல்டன், சிஎஸ்கேஏ மாஸ்கோவில் 2002 முதல் 2011வரை ஆடி, ரஷ்யக் குடியுரிமையும் பெற்றார். ஐரோப்பிய தேசிய அணிகளின் போட்டியான யூரோபாஸ்கெட்டின் 2007 இறுதியில், மாட்ரிட்டில், ஸ்பெயினுக்கு எதிராக 60-59 என்று ரஷ்யா வென்றது அவருடைய கடைசி ஷாட்டில். ஒரு தேசிய அணியில் இப்படிக் குடியுரிமை பெற்றவர் ஒருவர்தான் ஆடலாம் என்பது ஃபிபா விதி. தேசிய அணிக்கு ஆடாவிட்டாலும், அந்த நாட்டு லீகில் இம்போர்ட் இடத்தை அடைக்காதவருக்கு விலை ஏறும்.

வரியில் கடைசியாக ஒரு சிக்கல். அமெரிக்கக் குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் தன் நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தொடர்ந்த 12 மாதத்தில் 330 நாள் வெளிநாட்டில் இருந்தால் குறிப்பிட்ட தொகைவரை விலக்கு உண்டு. 2024க்கு அது 1,26,500 டாலர். ஆனால் ஜூனில் வீடு திரும்பி ஆகஸ்டில் கிளம்புபவருக்கு 330 நாள் தேறாது. அங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பதாகக் காட்ட முடியாவிட்டால், மிஞ்சுவது வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வழி. அதற்குத் தன் பெயரில் வரி கட்டப்பட்டதற்கான ஆதாரம் வேண்டும். ‘நெட்’ ஒப்பந்தத்தில் வரியைக் கட்டியது கிளப் என்பதால் ஆதாரமும் கிளப்பிடம்தான் இருக்கும். அதைத் தர வேண்டிய கெடுவை ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது. பருவம் முடிந்து கணக்கரும் மேலாளரும் மாறிவிட்டால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.