கல் பலகையும் டார்ச்சும் கொண்டு வாங்கிய டிரம் செட்

மாடி அறைக்கு டிரம் செட் வந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஆறு மாதம் ரப்பர் பேடில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். ஏழு டிரம் உள்ள பெரிய செட்டின் மேல்தான் எனக்கு ஆசை. மாஸ்டர் தடுத்துவிட்டார். “ஐந்து போதும் தம்பி. முதல் வருடம் முழுக்க ஸ்னேர், பேஸ், ஹை-ஹேட் மூன்றோடுதான் உங்களுக்கு வேலை” என்றார். ஸ்னேர் நடுவில் இருக்கும் சின்ன டிரம்; பேஸ் காலால் பெடல் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்; ஹை-ஹேட் பெடலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி. சிம்பல்கள் எனும் உலோகத் தட்டுகள் அந்த ஐந்து என்ற கணக்கில் சேராது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

புதிய மலிவு செட்டைவிட, நல்ல பழைய செட் மேல் என்று முடிவு செய்தேன். பழையதில் பார்க்க வேண்டியது தோலையோ பளபளப்பையோ அல்ல. தோல் உட்காரும் மர விளிம்பை. தோலைப் புதிதாக மாற்றிவிடலாம். விளிம்பு கோணலாக இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி நிற்காது.

நான் கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறையில் வேலை செய்கிறேன். பாலிஷ் போட்ட ஒன்றரை அடிக் கல் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனேன். முதல் வீட்டில் இருந்த செட் கண்ணாடிபோல் மின்னியது. தோலைக் கழற்றி, டாம் எனும் டிரம்களில் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமைக் கல்மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்தேன். ஒரு பக்கம் வெளிச்சம் கோடாகக் கசிந்தது. மனதே இல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பார்த்தது கீறல் விழுந்த செட். எந்த டாமிலும் வெளிச்சம் கசியவில்லை. 22 அங்குல பேஸ் டிரம் கல்லில் அடங்காது. அதன் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன். 20,000 ரூபாய்க்கு முடிந்தது.

அதோடு வந்த சிம்பல்கள் பித்தளை. தட்டினால் பாத்திரம் விழுந்த சத்தம். ஹை-ஹேட்டை மட்டும் மாற்றினேன்: 14 அங்குலம், செம்பில் 8 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம். என்னைக் கேட்டால், கையில் மிச்சமிருக்கும் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

சுருதி சேர்ப்பதற்கு மூன்று மாலைகள் பிடித்தன. மாரியம்மன் திருவிழாவில் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றுவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். இங்கே தீயின் வேலையைத் திருகாணி செய்கிறது. எல்லாத் திருகாணிகளையும் முதலில் கையால் இறுக்கி, பிறகு எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு திருகாணிக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லா இடத்திலும் ஒரே ஒலி வருகிறதா என்று கேட்க வேண்டும். மூன்றாம் நாள் ஸ்னேர் சுத்தமாகப் பேசியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம் இடுப்பு வலித்தது. உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் வாங்கியதும் வலியும் போயிற்று, பெடலில் காலும் நிதானப்பட்டது.

இப்போது தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 85 தட்டு வேகத்தில் நான்கு நிமிடம் தடுமாறாமல் அடிக்கிறேன். டாம்களில் ஒரு சுற்று போய்த் திரும்பும்போது மட்டும் வேகம் கூடிவிடுகிறது. அதனால் இந்த வாரம் 70-க்கு இறங்கி, அந்த ஒரு திருப்பத்தை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.