425/17: சிவப்பு வரை வந்தாயிற்று

ஃபோக்கர் டி.ஆர்.1 என்ற ஜெர்மன் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன், மூன்று இறக்கைகளும் ஒட்டியாயிற்று. 1/48 அளவு கிட் என்பதால் 7.19 மீட்டர் இறக்கை இங்கே 15 சென்டிமீட்டர்தான். முதல் உலகப் போர் விமானம் என்றாலே இறக்கைகளுக்கு இடையே கம்பி கட்டும் வேலைக்குப் பயந்து பலரும் ஒதுங்கிவிடுவார்கள். ஃபோக்கர் டி.ஆர்.1 அந்த விஷயத்தில் சாது. இறக்கைக்குள் இருக்கும் மரச்சட்டமே பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வெளியே கம்பி மிகக் குறைவு.

நான் செய்துகொண்டிருப்பது 425/17 என்ற எண் கொண்ட விமானம். ஜெர்மன் குதிரைப்படை கேப்டன், பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, 'ரெட் பேரன்' என்று பெயர்பெற்ற போர் விமானி மான்ஃப்ரெட் ஃபான் ரிக்தோஃபன் 1918 ஏப்ரல் 21 காலை பிரான்ஸின் கப்பி விமானத்தளத்திலிருந்து ஏறிப்போனது இதில்தான். திரும்பி வரவில்லை.

மேல் இறக்கையை ஒட்டும்போது கொஞ்சம் நிதானம் தேவை. நிஜத்திலும் இதன் தொல்லை அங்கேதான் இருந்தது. 1917 அக்டோபர் கடைசியில், பறந்துகொண்டிருக்கும்போதே மேல் இறக்கை பிய்ந்து கோன்டர்மன், பாஸ்டர் என்று இரண்டு விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். சட்டத்துக்குள் ஈரம் இறங்கிப் பசை விட்டிருந்தது. எல்லா விமானங்களையும் தரையில் நிறுத்தி, இறக்கையை வலுப்படுத்திய பிறகுதான் மறுபடி பறக்கவிட்டார்கள்.

அப்புறம் சிவப்பு. உதிரி பிளாஸ்டிக் துண்டுகளில் சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று மூன்று பிரைமர் (அடிப்பூச்சு) போட்டு, மேலே ஒரே சிவப்பை அடித்துப் பார்த்தேன். சாம்பல் மேல் செங்கல் மாதிரி மங்கிவிட்டது. வெள்ளை மேல் பொம்மைக் கடை பளபளப்பு. இளஞ்சிவப்பு மேல்தான் துணியில் ஏறிய சாயம் போல ஆழமாக நின்றது. மெல்லிய பூச்சாக அடித்து, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மழை ஈரம் இருக்கும் நாளில் வார்னிஷ் பக்கமே போகக் கூடாது, வெண்படலம் படிந்துவிடும்.

காயும் நேரங்களில் ரிக்தோஃபனைப் பற்றிப் படித்தேன். 1892-ல் பிரெஸ்லாவ் அருகே பிறந்தவர். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. அப்பாவும் குதிரைப்படை அதிகாரி. பதினொரு வயதிலேயே ராணுவப் பள்ளி, பிறகு உலான் எனப்படும் ஈட்டிக் குதிரைப்படை. பதுங்குகுழிப் போரில் குதிரைக்கு வேலையில்லாமல் போகவே 1915-ல் விமானப் பிரிவுக்கு மாறினார். 1917 தொடக்கத்தில் தன் விமானத்துக்குச் சிவப்பு அடித்துக்கொண்டார். அவருடைய படைப்பிரிவு முழுக்க அந்த நிறத்தைப் பின்பற்றியது.

சிறு வயதிலிருந்தே வேட்டைப் பழக்கம். வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் பெர்லின் நகைக்கடையில் ஒரு வெள்ளிக் கோப்பை செய்யச் சொல்வார். அதில் தேதியும் விமான வகையும் பொறித்திருக்கும். அறுபது கோப்பைகளோடு நின்றது, அதுவும் ஜெர்மனியில் வெள்ளி தட்டுப்பாடு வந்ததால். வீழ்த்திய கணக்கோ எண்பது வரை போனது. பதினொன்றாவதாக விழுந்தவர் லானோ ஹாக்கர், பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற விமானி. அவருடைய இயந்திரத் துப்பாக்கியைத் தன் கதவுக்கு மேலே மாட்டிவைத்தார் ரிக்தோஃபன். இதைப் படித்த பிறகு, சிவப்பு அழகாக வந்த சந்தோஷத்தோடு மட்டும் என்னால் நிற்க முடியவில்லை. கோப்பையில் வகையும் தேதியும் உண்டு, செத்தவன் பெயர் இல்லை.

1917 ஜூலை 6-ல் தலையில் குண்டு பட்டது. அதன்பின் ஆள் மாறிப்போனார். தீராத தலைவலி. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மனம் சோர்ந்துவிடுவதாக எழுதியிருக்கிறார். தரையில் வேலை தருகிறோம் என்றபோது, பதுங்குகுழியில் கிடக்கும் சாதாரணச் சிப்பாய்க்கு அந்த வசதி கிடையாது என்று மறுத்துவிட்டார். கோப்பை செய்தவரும் இப்படிச் சொன்னவரும் ஒரே ஆள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கடைசி நாள் சண்டையில், புதிதாக வந்திருந்த அவருடைய உறவினர் வோல்ஃப்ராமை வில்ஃப்ரிட் மே என்ற பிரிட்டிஷ் தரப்புப் புது விமானி துரத்த, மேயை இவர் துரத்தினார். சோம் ஆற்றை ஒட்டி, ஆஸ்திரேலியப் படைகளின் தலைக்கு மேல் மிகத் தாழ்வாக. கனடாக்காரர் ராய் பிரவுன் மேலிருந்து பாய்ந்து சுட்டார். பெருமையும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. ஆனால் வலது பக்கம் நுழைந்த அந்த ஒற்றைக் குண்டு கீழிருந்து மேலாகப் போயிருக்கிறது. தரையிலிருந்த சார்ஜென்ட் செட்ரிக் பாப்கின் சுட்டது என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. மறுநாள் பெர்டாங்ள் என்ற ஊரில் எதிரிகளே முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

விமானத்தைச் சிப்பாய்கள் நினைவுப்பொருளுக்காகப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். எஞ்சின் லண்டனில், இருக்கை டொரான்டோவில், கட்டுப்பாட்டுக் கோல் ஆஸ்திரேலியாவில். ஜெர்மன் விமானங்களின் அடையாளமான சிலுவைச் சின்னத்தில் எதை ஒட்டுவது என்று கிட் செய்பவர்கள் குழம்புவார்கள், இரண்டு வகையும் டீகலில் (ஒட்டுப்படத்தில்) வரும். 1918 மார்ச்சில் வந்த உத்தரவுப்படி வளைந்த சிலுவையை நேர்க்கோட்டுச் சிலுவையாக மாற்றினார்கள். நான் செய்வது ஏப்ரல் விமானம், ஆகவே நேர்க்கோட்டுச் சிலுவை, வெள்ளைச் சுக்கான்.

இனி எண்ணெய்க் கறை. புரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினே சுழலும் அமைப்பு இது, உள்ளே ஊற்றியதையெல்லாம் வெளியே வீசும். வழக்கமாக விளக்கெண்ணெய்தான்; ஜெர்மனியில் அதற்கும் தட்டுப்பாடு, மாற்று எண்ணெய் ஊற்றி எஞ்சின்கள் பழுதாயின. வயிற்றுப் பகுதியில் பழுப்பை நீர்க்கக் கரைத்து, பின்னோக்கி இழுக்கப்போகிறேன்.

தனியாக வாங்கிய ரெசின் விமானி உருவத்தின் முகம் நாற்பது வயதுக்காரர் போல இருக்கிறது. சாகும்போது ரிக்தோஃபனுக்கு இருபத்தைந்துதான். கன்னத்துக் கோடுகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பெயின்ட்.