இ30-இல் எட்டு அங்குல ரிம்: கணக்கு முதலில், காசு பிறகு

பி.எம்.டபிள்யூ இ30 (1980-களின் 3 சீரிஸ்) காரின் உயரத்தைத் தாழ்த்தியவர்கள் அடுத்து தேடுவது பெரும்பாலும் 15×8, ஈடி20 ரிம். அதாவது விட்டம் 15 அங்குலம், அகலம் 8 அங்குலம். ஈடி என்பது ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பது. பின் மட்கார்டின் உள்மடிப்பை உருளையால் மேலே மடக்கினால் (உருட்டினால்) உட்காரும், உருட்டாவிட்டால் உரசும். ஆனால் "எல்லாரும் போடுகிறார்கள்" என்று வாங்கிப் போடுகிறவர்கள்தான் அடிக்கடி டயரைக் கிழித்துக்கொள்கிறார்கள். ரிம் ஒன்றாக இருந்தாலும் காரின் உயரமும் டயரும் ஒன்றாக இருப்பதில்லை. (இ30-இன் ஸ்போர்ட்ஸ் வகையான எம்3 இங்கே சேராது. அது ஐந்து போல்ட், 120 மி.மீ. வட்டத்தில்: 5×120. மற்ற இ30 எல்லாம் நான்கு போல்ட், 4×100.)

கணக்கு எளிது. ரிம் அகலத்தில் பாதியை எடுங்கள். அதில் ஈடியைக் கழித்தால் ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) முகத்திலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு, கூட்டினால் உள்பக்கம் எவ்வளவு என்று தெரியும். கம்பெனியே கொடுத்த 15×7 ஈடி24 ரிம்மில் வெளியே 64.9 மி.மீ., உள்ளே 112.9. 15×8 ஈடி20-இல் வெளியே 81.6, உள்ளே 121.6. அதாவது மட்கார்டு பக்கம் ஏறக்குறைய 17 மி.மீ., ஷாக் அப்சார்பர் பக்கம் 9 மி.மீ. கூடுகிறது. வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்பக்கத்தை மறப்பதுதான் வழக்கமான தவறு. உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) போட்ட காரில், முன்பக்க ஸ்பிரிங் தட்டு இறங்கி டயரின் பக்கச் சுவருக்கு எதிரே வந்து நிற்கும். அங்கே குறைந்தது 5 மி.மீ. இடைவெளி வேண்டும்.

டயர் பெரும்பாலும் 195/50 ஆர்15: அகலம் 195 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 50 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம். இந்த அளவுக்கு ஐரோப்பிய டயர் தரநிலை அனுமதிக்கும் ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரைதான். எட்டில் ஏற்றினால் டயர் இழுபட்டுச் சாய்ந்து நிற்கும். மட்கார்டுக்கு அது வசதி. ஆனால் ரிம் விளிம்பு டயரைவிட வெளியே நிற்பதால் நடைபாதைக் கல்லில் முதலில் மோதுவது ரிம்தான். இழுபட்ட டயரே வேண்டாம் என்பவர்களுக்கு 225/45 ஆர்15 முறையான அளவு, ஆனால் அதற்கு இடம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கழற்றும் பழைய டயர் 195/65 ஆர்14 என்றால் அதன் விட்டம் 609 மி.மீ., 195/50 ஆர்15-இன் விட்டம் 576. டயர் மாற்றியதிலேயே கார் 16 மி.மீ. இறங்கிவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 95-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஸ்பிரிங் வாங்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

ஆகவே முதலில் உயரம், பிறகு அலைன்மென்ட், அதற்குப் பிறகுதான் அளவெடுப்பு. இ30-இன் பின்பக்க ஆர்ம் சாய்வான அச்சில் திரும்புவது. கார் இறங்க இறங்கச் சக்கரத்தின் தலை உள்ளே சாயும் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), கூடவே டோ-இன் ஏறும், அதாவது சக்கரங்களின் முன்முனை உள்நோக்கித் திரும்பும். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுவார்கள். வேகமாகத் தின்பது டோதான். கம்பெனி அமைப்பில் பின்பக்கம் திருத்துவதற்கு எதுவும் இல்லை. ஆர்ம் திரும்பும் இடத்தில் மையம் விலகிய புஷ் போட வேண்டும், அல்லது சப்ஃபிரேமில் (ஆர்ம் மாட்டியிருக்கும் சட்டத்தில்) திருத்தக்கூடிய பிராக்கெட்டை வெல்டு செய்ய வேண்டும். இதை முடிக்காமல் மட்கார்டைத் தொட்டால், பிறகு கேம்பரைத் திருத்தும்போது சக்கரத் தலை வெளியே வந்து மறுபடி உரசும்.

அளக்க ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள், ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பையும் விடுவியுங்கள். பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலே ஏறும் கோடியில் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை ஜாக்கியால் சக்கரத்தை உயர்த்துங்கள். ஓட்டத்தில் அந்த ரப்பர் இன்னும் நசுங்கும் என்பதால் அதற்கும் மேலே ஒரு சென்டிமீட்டரை ஒதுக்கி வையுங்கள். முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்ப்பது முக்கியம். நேராக நிற்கும்போது உரசாத டயர், திருப்பியதும் பம்பர் முனையிலும் பிளாஸ்டிக் லைனரிலும் பிடிக்கும்.

பின் மட்கார்டின் உள்மடிப்பு என்பது வெளித்தகடும் உள்தகடும் ஸ்பாட் வெல்டில் சேர்ந்த இடம். அதைக் கிரைண்டரால் வெட்டாதீர்கள். வெல்டு போனால் இரண்டு தகடும் பிரிந்துகொள்ளும். ஹப்பில் போல்ட் போட்டு மாட்டும் உருளைக் கருவியை வைத்து, ஹீட் கன்னால் பெயின்டைக் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல சுற்றில் மடக்க வேண்டும். ஆறிய பெயின்ட் வெடிக்கும். முன்பே டிங்கரிங் பார்த்துப் பட்டி பூசிய மட்கார்டு என்றால் எவ்வளவு சூடாக்கினாலும் வெடிக்கும், காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள். மடக்கியதும் உள்ளே இருந்த சீலர் விரிசல் விட்டிருக்கும். புது சீலர் பூசி, மேலே மெழுகும் அடிக்காவிட்டால் இ30-க்குப் பழக்கமான அந்த மூலைத் துரு சீக்கிரமே வந்துவிடும்.

போல்ட் எம்12×1.5, அது ரிம்மில் பதியும் இடமான இருக்கை 60 டிகிரிக் கூம்பு. பழைய கோல்ஃப் போன்ற ஃபோக்ஸ்வாகன் கார்களின் கம்பெனி ரிம்களும் 4×100, நடுத்துளை 57.1 மி.மீ. என்பதால் இ30-இல் அப்படியே ஏறும். ஆனால் அவற்றின் போல்ட் இருக்கை உருண்டை. கூம்பு போல்ட்டை அதில் முறுக்கினால் மெல்லிய வளையத்தில் மட்டும் உட்கார்ந்து, பிறகு தளர்ந்துவிடும். நடுத்துளை பெரிதான ரிம்முக்கு 57.1 வளையம் போடுங்கள். எந்தப் போல்ட்டும் குறைந்தது ஆறரைச் சுற்று ஏற வேண்டும், முறுக்கு 110 நியூட்டன் மீட்டர்.

ஜெர்மனியில் ஓட்டுவதாக இருந்தால் பரிசோதகர் இரண்டு கோணம் பார்ப்பார்: சக்கர மையத்திலிருந்து முன்புறம் 30 டிகிரி, பின்புறம் 50 டிகிரி. அந்தப் பரப்புக்குள் டயரின் ஓடுதளம் மட்கார்டுக்கு வெளியே தெரியக் கூடாது. ஏழு அங்குலத்தைத் தாண்டிய ரிம்மில் 195/50 என்றால் டயர் கம்பெனியின் ஒப்புதல் தாளையும் கேட்கலாம்.

50 கி.மீ. ஓடியதும் போல்ட்டை மறுபடி முறுக்கிவிட்டு, டார்ச் அடித்து மட்கார்டுக்குள் பாருங்கள். மெழுகில் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் அங்கேதான் தொடுகிறது.