கதைவழி அறிந்த ஊர்கள்: நாட்குறிப்பு

4 ஜனவரி 2025

இந்த ஆண்டு இந்திய வாழ்வைச் சொல்லும் நாவல்களை மட்டுமே படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் போன்றோருக்கு இந்தியா பெரும்பாலும் பண்டிகைகளின் வழியாகவே அறிமுகமாகிறது. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையின் விளக்குகள், தைப்பூசத்துக்குக் காவடி, பொங்கலுக்குப் பானையும் கரும்பும். இவை எல்லாம் எனக்கு உயிரானவை. ஆனால் பானையில் பொங்கும் அரிசி யாருடைய நிலத்தில் விளைந்தது, அதை அறுத்தவர் எங்கே நின்று கூலி வாங்கினார், அந்தக் கூலி வீட்டுக்குப் போனதும் என்னவாயிற்று என்பதையெல்லாம் பண்டிகை சொல்வதில்லை. நல்ல நாவல் சொல்லும். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்திலிருந்து கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலை இரவல் எடுத்து வந்துவிட்டேன்.

12 ஜனவரி

1976இல் வெளிவந்த நாவல் இது. கோவில்பட்டியை அடுத்த கரிசல் காட்டின் கதை என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மையில் இது ஒரு நெடும்பயணத்தின் கதை. ஒரு பெண்ணின் அழகே வினையாகி, ஆள்பவனுக்கு அஞ்சித் தெலுங்கு நாட்டிலிருந்து ஒரு குடும்பமே இரவோடு இரவாகக் கிளம்பித் தெற்கு நோக்கி நடக்கிறது. வழியில் இறப்பவர்கள் உண்டு. வந்து சேர்ந்த இடத்தில் காட்டுக்குத் தீ வைத்து நிலம் திருத்துகிறார்கள். பிறகுதான் அது ஊராகிறது. இவ்வளவையும் வயது முதிர்ந்த மங்கத்தாயாரம்மாள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதாக ஆசிரியர் அமைத்திருக்கிறார்.

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பங்களில் ஓர் எண்ணம் ஆழப் பதிந்திருக்கிறது: நாம் கப்பலேறி வந்தவர்கள், அங்கே இருப்பவர்களோ காலங்காலமாக அதே மண்ணில் ஊன்றி நின்றவர்கள் என்பது அது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் மக்கள் தென்தமிழகத்தில் குடியேறியதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. இந்த நாவலில் அதே செய்திக்குப் பசியும் கால்வலியும் இருக்கின்றன. தாய்மொழி ஒன்று, சுற்றிலும் பேசும் மொழி வேறு என்று தலைமுறைகளாக வாழ்வது சிங்கப்பூரர்களுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. கரிசல் சீமையின் நடுவில், ஏர் பிடிக்கும் சம்சாரி வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. என் பாட்டனார் கப்பலேறிய கதையை இனி வேறு விதமாகத்தான் என்னால் சொல்ல முடியும்.

2 பிப்ரவரி

அடுத்து ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). குமரி மாவட்டத்துப் பனைவிளை என்னும் சிற்றூர். கிறிஸ்தவ நாடார் குடும்பங்கள். பேச்செல்லாம் அந்தப் பக்கத்து வழக்கில். பழம்பெருமை உள்ள வீட்டுப் பெண்ணான லிஸிக்கும் பனையேறியின் மகனான தங்கராஜுக்கும் இடையில் மலரும் அன்பே கதை. இருவரும் ஒரே சாதி, ஒரே மதம். ஆயினும் நிலம் வைத்திருக்கும் வீட்டுக்கும் பனை ஏறும் வீட்டுக்கும் இடையே தாண்ட முடியாத தூரம் இருக்கிறது. சாதியைப் பற்றி வெளியூரார் எழுதும் கட்டுரைகளில் ஒரு சாதி என்பது ஒரே கட்டியாகத் தெரியும். அதற்குள்ளேயே இருக்கும் மேடு பள்ளத்தை இவ்வளவு அமைதியாக வேறு யாரும் எனக்குக் காட்டியதில்லை.

மாலையில் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனபோது ஒரு கடையில் கருப்பட்டி இருந்தது. கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம். நாவலைப் பற்றிச் சொன்னதும், “எங்க தாத்தா பனை ஏறினவருதாம்மா” என்று தொடங்கினார். பருவகாலத்தில் காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதைக் காய்ச்சுவது பெண்களின் வேலை. பாகு பதத்துக்கு வந்ததும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். கருப்பட்டியின் வளைந்த முதுகில் சிரட்டையின் உட்புற வடிவம் அப்படியே இருந்தது. “அடுப்புப் பக்கமே நின்னு எங்க ஆச்சிக்குக் கண்ணு போயிட்டு” என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

9 பிப்ரவரி

லிஸி பருவமடைந்ததும் பள்ளிக்கூடம் நின்று வீட்டுக்குள் இருத்தப்படும் பகுதியை உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்தப் பிள்ளை நாள் முழுக்க என்னம்மா செய்யும்?” என்று கேட்டாள். நாவலின் பாதி அந்தக் கேள்விக்கான விடைதான். மீதியை அவளே படிக்கட்டும் என்று புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன்.

8 மார்ச்

கடற்கரைக் கதைகள் இரண்டை அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் படித்தேன். கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்னும் நம்பிக்கைதான் அந்த நாவலின் அச்சாணி. நாயகி கறுத்தம்மாவின் துயரத்தில் நானும் கரைந்தேன். ஆனால் தகழி நெல்வயல்கள் நிறைந்த குட்டநாட்டுக்காரர், வழக்கறிஞர். கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவரல்லர். அதன் பிறகு ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) படிக்க எடுத்தேன். அவர் திருநெல்வேலிக் கடற்கரை ஊரான உவரியில் பிறந்த பரதவர். இங்கே கடல் தேவியாக வந்து கற்பைச் சோதிப்பதில்லை. காற்று, நீரோட்டம், மீன் கிடைக்கும் இடம், கடன், கோயில், ஊர்ப்பகை என்று அன்றாடமாக வருகிறது. இறந்தவருக்கு அழுது முடிப்பதற்குள் அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

தகழியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. படகும் வலையும் யார் வைத்திருக்கலாம் என்பதிலுள்ள கட்டுப்பாட்டையும், கடன்பட்டவன் கை தாழ்ந்து போவதையும் அவர் கூர்மையாகவே காட்டியிருக்கிறார். எனினும், ஒரு மக்களின் வாழ்வை அறிய ஒரே ஒரு நாவல் போதாது, குறிப்பாக அது மிகவும் புகழ்பெற்ற நாவலாக இருந்தால் போதவே போதாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதத்துக்குச் ‘செம்மீன்’ முடிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பேசுவோம் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். ‘ஆழி சூழ் உலகு’ மிகப் பெரிது, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு மாதத்தில் முடிக்க மாட்டார்கள் என்றார். அப்படியென்றால் இரண்டு மாதம் எடுத்துக்கொள்வோம் என்று கேட்டிருக்கிறேன்.