குளத்து வண்டலும் கொல்லம் ஆண்டும்

பூதப்பாண்டிப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர்க் குளம். அதைப் பற்றித்தான் நான் பிஎச்டி செய்தேன். பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே பகுதிநேரமாகச் செய்ததால் ஐந்தரை வருடம் ஆனது. "ஒரு குளத்தைப் பற்றி அவ்வளவு எழுத என்ன இருக்கிறது, டீச்சர்?" என்று கேட்டவர்கள் பலர். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் ஆசிரியர்கள் இப்போது வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் கொண்டுபோன தலைப்பு 'நாஞ்சில் நாட்டு நீர்ப்பாசன வரலாறு'. ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில் அது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. "இதில் பத்துப் பேர் பிஎச்டி செய்யலாம். உங்களுக்கு எந்தப் பங்கு வேண்டும்?" என்று வெளியிலிருந்து வந்த உறுப்பினர் கேட்டார். அன்று வருத்தமாக இருந்தது, ஆனால் அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. தோவாளை சானல் என்ற பாசனக் கால்வாயில் தண்ணீர் வாங்கும் சில குளங்கள், பேச்சிப்பாறை அணைக்கு முன்னும் பின்னும், 1956 வரை என்று சுருக்கினேன். அணை வேலை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது, பழைய காகிதங்களில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது. இது என் ஆராய்ச்சியை எவ்வளவு தூரம் அலையவிடும் என்று அப்போது தெரியாது.

கோர்ஸ் வொர்க் எல்லோருக்கும் சலிப்பு என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. ஆராய்ச்சி முறை, பதிப்பு நெறி வகுப்புகளில் எல்லாத் துறைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலை இறக்கை எப்படித் தேய்கிறது என்று பார்க்கிற ஒரு தம்பி. மணவாளக்குறிச்சி மணலில் கதிரியக்கம் அளக்கிற ஒரு தங்கச்சி. சங்குத்துறைக் கடற்கரைப் பாசியைப் பரிசோதிக்கிற ஒருவர். அந்தத் தங்கச்சி சொல்லித்தான் ஒரு செய்தி தெரிந்தது. இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-ல் நம் கரையில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தாராம். கயிறு வணிகத்தின் வரலாறு என் துறை, மோனசைட் அவள் துறை. இரண்டும் ஒரே மணலில் ஒட்டிக்கிடந்தன. அன்றிலிருந்து மற்றத் துறைகளின் கதவைத் தட்டக் கூச்சப்படவில்லை.

அப்புறம் ஆவணக் காப்பகம். கோடை விடுமுறையிலும் ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளிலும் நாகர்கோவிலில் காலை ரயில் ஏறித் திருவனந்தபுரம் போவேன். பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில் போதும். முதல் வாரம் பட்டியல் புத்தகத்தை மட்டுமே படித்தேன். அது வீணான வாரம் இல்லை. எந்தத் துறைக் கோப்பில் எது கிடைக்கும் என்று பிடிபட்டது அதனால்தான். பொதுப்பணிக் கோப்புகளில் ஆங்கிலம் இருக்கும். வரி, குத்தகை வாரம், மடைத் தகராறு பற்றிய மனுக்கள் மலையாளத்தில் இருக்கும். எனக்குப் பேசும் மலையாளம் வரும், பழைய கையெழுத்து வரவில்லை. அங்கே வந்துகொண்டிருந்த ஒரு மலையாள ஆய்வாளர் சேச்சி தினமும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டெழுத்துகளையும் பழைய எண்களையும் சொல்லித்தந்தார்.

என் பெரிய தவற்றைக் கண்டுபிடித்ததும் அவர்தான். மனுக்களில் இருப்பது மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு. எல்லாவற்றோடும் 825 கூட்டி ஆங்கில ஆண்டு என்று எழுதிவைத்திருந்தேன். கொல்லம் ஆண்டு நம் ஆவணியில், ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அப்போதிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. 1072 ஆவணி என்றால் 1896, அதே 1072 சித்திரை என்றால் 1897. மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல்லுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஐப்பசியில் கொடுத்த மனுக்களையெல்லாம் நான் ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தேன். அணை வேலை தொடங்குவதற்கு முந்தைய புகார், தொடங்கிய பிறகு வந்த புகாராக மாறியிருந்தது. என் ஒரு இயலின் வாதமே அந்த வரிசையில்தான் நின்றது. நானூறுக்கு மேற்பட்ட குறிப்பு அட்டைகளைத் திரும்ப எழுதினேன். இன்றும் யாராவது கொல்லம் ஆண்டை மாதம் இல்லாமல் மேற்கோள் காட்டினால் எனக்கு மனம் பதறும்.

குளத்தில் எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்பதற்குக் கோப்பில் பதில் இல்லை. தூர் வாரப் பணம் கேட்ட மனு இருக்கும், கொடுத்த உத்தரவு இருக்கும், வேலை நடந்ததா என்பது இருக்காது. கதிரியக்கம் அளக்கிற தங்கச்சி வழியாகப் புவியியல் ஆய்வாளர் ஒருவர் வந்தார். கோடையில் தண்ணீர் வற்றியதும் குளத்தின் நடுவில் ஒரு நீளக் குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே தூணாக எடுத்தார்கள். அதை விரற்கடை விரற்கடையாக அறுத்து, காயவைத்து, ஈயம்-210 அளந்தார்கள். காற்றிலிருந்து மழையோடு விழுந்து சேற்றில் தங்கும் இந்த ஈயம் 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே ஆழம் போகப்போக எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து அந்தச் சேற்றுப் படிவின் வயதைச் சொல்லலாம். ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் வரைதான் இது பிடிக்கும். எனக்கு வேண்டியதும் அந்தக் காலம்தான்.

முடிவு வந்தபோது ஒவ்வொரு வயதுக்குப் பக்கத்திலும் கூட்டல் கழித்தல் குறி போட்டு இத்தனை வருடம் என்று இருந்தது. "சரியான வருடம் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "அக்கா, இந்தப் பிழை அளவைச் சொல்லாமல் வயதை மட்டும் சொன்னால்தான் அது பொய்" என்றாள் தங்கச்சி. எங்கள் துறையில் நாங்கள் இப்படி எழுதுவதில்லை. கோப்பில் தேதி போட்டிருந்தால் அதுதான் தேதி என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கோப்பை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்பதுதான் எங்கள் பிழை அளவு. இதை என் முறையியல் இயலில் அப்படியே எழுதினேன். கைடு மேடம் ஒரு வரிகூட வெட்டவில்லை.

பழைய மடைக் கல்லுக்கு நடுவே இருந்த காரையைச் சிவில் துறைப் பேராசிரியர் ஒருவர் பார்த்தார். சுட்ட செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி என்றார். செங்கல் பொடியில் இருக்கும் சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிவதால்தான் அது தண்ணீருக்கு அடியிலும் இறுகுகிறதாம். அதில் ஒரு பக்கம்தான் எழுதினேன், அதற்கு மேல் எனக்குத் தகுதி இல்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது ஒரு தனி அலைச்சல். ஒரு அலுவலகத்தில் என் கோப்பு நான்கு மாதம் காணாமல்போய், வேறொருவரின் கோப்புக் கட்டுக்குள் கிடைத்தது. எது கொடுத்தாலும் நகலில் சீல் வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன், நீங்களும் வாங்குங்கள். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் அறிக்கையில் எனக்கு அதிகம் காட்டியது. மேற்கோள்களையும் துணைநூல் பட்டியலையும் விலக்கியபிறகு அளவுக்குள் வந்தது. மேற்கோள் குறிகளை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகப் போடுங்கள். கடைசி வாரத்தில் தேடிப் போட முடியாது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று யாரும் வந்து கேட்கலாம் என்பதால் ஊரிலிருந்து குளத்துப் பாசனக்காரர்கள் ஏழு பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளித் தேர்வாளர் பார்த்திவபுரத்தில் ஆரம்பித்தார். முஞ்சிறைப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், வைத்து 95 மாணவர்களுக்கு இடம் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. "அந்தச் செப்பேடு நிலத்தைச் சொல்கிறது. அந்த நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்களா?" என்றார். என் காலகட்டம் அதுவல்ல என்றாலும் கேட்பேன் என்றேன். முதலில் களத்துக்குப் போய்ப் பழைய மடை தேடுவேன், பிறகு சேறு எடுக்கச் சொல்வேன் என்றேன். ஈயம்-210 அவ்வளவு பின்னால் போகாது, அதற்குக் கார்பன்-14 வேண்டும் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

கேள்வி நேரத்தில் எங்கள் ஊர்ப் பெரிய மாமா எழுந்தார். திரையில் இருந்த என் வரைபடத்தைக் காட்டி, "மோளே, தெக்கு மடைக்கு நீ போட்டிருக்க பேரு மேலக் குளத்து மடைக்க பேரு" என்றார். நான் 1900-க்கு முந்தைய ஒரு பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தேன். அடுத்த ஞாயிறு அவரோடு கரையில் நடந்து ஒவ்வொரு மடையாகப் பெயர் கேட்டேன். பட்டியல் எழுதியவர் இரண்டு மடைகளை மாற்றிப் போட்டிருந்தார். திருத்திய வரைபடத்தோடுதான் ஆய்வேடு, ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறியது. 'தெற்கு மடையின் பெயர் ஊர்ப் பாசனக்காரர் ஒருவர் சொன்னபடி' என்று அதன் அடிக்குறிப்பில் இருக்கிறது.