கையெழுத்து மட்டும் தமிழில்

"அம்மா, நீங்க தமிழா?" என்றுதான் கேட்டேன். அப்புறம் இன்னொரு கேள்வி. மொத்தமே இரண்டு. இரண்டாவதைத்தான் கேட்டிருக்கக் கூடாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முதல் கேள்வியிலேயே சந்தேகம் வருகிறது.

2023 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. நியூஜெர்சியில் எபிஸ்கோப்பல் என்கிற கிறிஸ்தவ சபையின் கோயில் ஒன்றின் கீழ்த்தளத்தில் உணவு வழங்கும் பேன்ட்ரியை நான் நடத்திக்கொண்டிருந்தேன். வாரம் இருபது மணி நேர வேலை, சம்பளம் உண்டு. பதிவு மேசையில் வழக்கமாக உட்காரும் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று நான் உட்கார்ந்தேன். அவர் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.

படிவம் சின்னது. பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், வருமானம் இந்த அளவுக்குக் கீழே என்பதற்கு ஒரு டிக், கையெழுத்து. சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் எதுவும் கேட்பதில்லை. வருகிறவர் சொல்வதுதான் கணக்கு. அன்று வரிசையில் ஒரு அம்மா வந்தார், அறுபத்தைந்து வயது இருக்கலாம். சுடிதார், காலில் வெள்ளை ஸ்னீக்கர், தலையில் குரங்குக் குல்லா, மேலே தோள் தொங்கும் பெரிய ஜாக்கெட். ஜாக்கெட்டில் ஒரு பெரிய கம்பெனியின் சின்னம். மகனைப் பார்க்க வந்த நம்மூர் அம்மாக்கள் பனிக்காலத்தில் அபார்ட்மென்ட்டைச் சுற்றி நடக்கும்போது போடுகிற அதே உடுப்பு. பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எத்தனை பேர் என்ற இடத்தில் 1. கீழே கையெழுத்தைத் தமிழில் போட்டார்.

அதைப் பார்த்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது. நீங்க தமிழா? அவர் நிமிர்ந்து பார்த்து, லேசாகத் தலையசைத்தார். உடனே நான், "மகன் வீட்டுலயா இருக்கீங்க?" என்றேன்.

அவர் பார்வை அந்த 1-க்குப் போனது. பிறகு பேனாவை மூடி வைத்தார். "இல்ல... சும்மா என்னன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். கொண்டுவந்த துணிப்பையை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

ஒரு பையில் அரிசி, பயறு, வெங்காயம் எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பார்க்கிங்கைத் தாண்டிப் போயிருந்தார். பையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம்மா. பையனுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவான்." கொஞ்சம் நின்று, "நீ எந்த ஊரு?" என்றார். பாளையங்கோட்டை என்றேன். "யாரு வீடு?" என்று கேட்கவில்லை. தன் ஊரையும் சொல்லவில்லை. எங்கோ தூரத்து ஊர் என்று கேட்டதில் முகம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி எனக்குப் பட்டது. ஊர் விசாரிப்பதில் இப்படி ஒரு நிம்மதியும் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் பிறகு அவர் வரவேயில்லை.

என் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் பேன்ட்ரியில் ஆள் கணக்குப்படிதான் பை. ஒருவர் என்றால் ஒரு பை, நான்கு பேர் என்றால் மூன்று. மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று வீட்டில் ஆள் இருந்தால், அதைச் சொன்னால் அவருக்குத்தான் லாபம். அதனால்தான் கேட்டேன். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் கேட்ட அந்த நொடியில் மூன்று பை என் மனதில் இருந்ததா? நான் முதலில் பார்த்தது ஜாக்கெட்டில் இருந்த சின்னத்தை. இந்த ஜாக்கெட் இருக்கிற வீட்டிலிருந்து இங்கே ஏன் என்றுதான் தோன்றியது. கேள்வி அங்கிருந்து வந்தது. மூன்று பை நியாயம் அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது கிடைத்தது.

அந்த ஜனவரியில்தான் கூகுள் 12,000 பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தது, மைக்ரோசாஃப்ட் 10,000 பேரை. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள் அவகாசம். இதெல்லாம் தெரிந்த நான்தான் ஜாக்கெட்டைப் பார்த்து வியந்தேன். அந்த மகனுக்கு வேலை போயிருக்கலாம். போகாமல், அம்மா கையில் ஒரு டாலர்கூடக் கொடுக்காதவனாகவும் இருக்கலாம். அந்த 1 பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். நாலு பேர் இருக்கிற வீட்டில் தனியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோயிலில் உதவி குருவாக இருக்கும் எங்கள் டீக்கனிடம் சொன்னேன். "நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை, அவர்கள் மொழியில் அன்பாகப் பேசினாய், அவ்வளவுதான்" என்றார். எபிஸ்கோப்பல் சபையின் 1979 ஜெப புத்தகத்தில் ஞானஸ்நானத்தின்போது சபையார் சொல்லும் உறுதிமொழி ஒன்று உண்டு, ஒவ்வொரு மனிதரின் கண்ணியத்தையும் மதிப்பேன் என்று. அந்த வரி எங்கள் கீழ்த்தளச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. டீக்கன் என்னை ஆறுதல்படுத்தியபோது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

சுவரில் பக்கத்திலேயே இன்னொரு தாள், அரசாங்கம் ஒட்டச் சொன்னது. பாகுபாடு காட்டினால் எங்கே புகார் செய்யலாம் என்று. எங்கள் அலமாரியில் பாதி டெஃபாப் என்கிற அரசாங்கத் திட்டத்தில் வருவது. 1981-இல், மிஞ்சிப்போன சீஸை என்ன செய்வது என்று தெரியாமல் தற்காலிகமாக ஆரம்பித்தது, நாற்பது வருடம் தாண்டியும் ஓடுகிறது. அதனால்தான் படிவம். அதனால்தான் சாப்பாட்டுக்காக யாரையும் ஜெபத்துக்கு உட்கார வைக்க முடியாது. கோயிலே என்றாலும். இந்த விதி எனக்குப் பிடித்தது. எதையும் துருவாதே என்பதுதான் அதன் சாரம். நான்தான் படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

பாளையங்கோட்டையில் என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து டின்னில் போடுவாள். கைப்பிடி அரிசி காணிக்கை. மாதத்துக்கு ஒருமுறை அது கோயிலுக்குப் போகும். அங்கிருந்து எந்த வீட்டு உலைக்குப் போனது என்று ஆச்சிக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இன்னும் வசதி. அரிசி கொடுத்தவரும் ஒன்றும் கொடுக்காதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சாம்பாரை ஊற்றிக்கொள்வார்கள். இலையை எண்ணுவார்களே தவிர ஆளை விசாரிக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை வெஸ்ட்ரி கூட்டத்தில் (நம்மூர்ச் சேகரக் கமிட்டி மாதிரி) ஒரு குட்டிப் பிரசங்கமாகவே சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அப்போது அவர்கள் ரொம்பச் சந்தோஷப்பட்டது, நான் இந்திய மொழி பேசுவேன் என்பதில். சுற்றுவட்டாரத்தில் அத்தனை இந்தியர்கள், ஒருவரும் வருவதில்லை, நீ வந்தால் வருவார்கள் என்றார்கள். 'நல்வரவு' என்று தமிழில் எழுதி வாசலில் ஒட்டினேன். அந்த அம்மா அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தாரோ என்னவோ. அந்த யோசனையை நான் அதிகம் வளர்ப்பதில்லை.

ஆனால் அசனத்தை நான் கொஞ்சம் அழகாக்கித்தான் சொல்கிறேன். பந்தியில் யாரும் விசாரிக்காததற்குக் காரணம் பெருந்தன்மை மட்டும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் எல்லாம் முன்னாலேயே தெரியும்.

எங்களிடம் ஒரு தன்னார்வலர் அம்மா இருக்கிறார், டொமினிக்கன் ரிபப்ளிக்காரர். வரிசையில் வருகிற அத்தனை பேரிடமும் ஸ்பானிஷில் கண்ணே, ராசாத்தி என்று கொஞ்சுவார். எந்த ஊர், எத்தனை பிள்ளை, வீட்டுக்காரர் எங்கே என்று எல்லாவற்றையும் கேட்பார். ஒருவரும் ஓடியதில்லை. அவர் கேட்டால் உபசாரம், நான் கேட்டால் விசாரணையா? அவருடைய வரிசையில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நாற்பது பேர். என் வரிசையில் தமிழ் பேசுகிறவர் அந்த ஒரு அம்மா. அமெரிக்காவில் இருக்கும் தமிழன் என்றால் நன்றாக இருக்கிறான் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. அந்த வரிசையில் நிற்பவர் அதில் சேராத ஆள். மேசைக்குப் பின்னால் சம்பளத்தோடு உட்கார்ந்திருந்த நான் அந்தக் கணக்கைச் சரிபார்க்க வந்தவள் மாதிரி தெரிந்திருப்பேன்.

சரி, இனி தமிழர் யாராவது வந்தால் ஆங்கிலம்தான் என்று முடிவெடுத்தேன். அந்த மாதத்தோடு கோவிட் காலத்துக் கூடுதல் உணவு உதவிப் பணமும் நின்றதால் மார்ச்சில் வரிசை நீண்டது. அதில் ஒரு இளைஞர் வந்தார். பெயரைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சுத்தமாக ஆங்கிலத்தில் பேசினேன், அவரும் பேசினார், பையை வாங்கிக்கொண்டு போனார். அவர் காரில் பின்சீட்டில் குழந்தை இருக்கை இருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். உள் அலமாரியில் டயப்பர் இருந்தது, ஆனால் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்போம். அரசாங்க உணவு உதவி அட்டையில் டயப்பர் வாங்க முடியாது, சோப்புகூட முடியாது. அதற்காகவே வைத்திருக்கிற அலமாரி. தமிழில் பேசியிருந்தால் "குழந்தை இருக்கா தம்பி?" என்று இயல்பாக வந்திருக்கும். கண்ணியம் காக்கிறேன் என்று டயப்பரை விழுங்கிவிட்டேன்.

அடுத்த மாதமும் வந்தார். இந்த முறை ஒன்றும் கேட்காமல் இரண்டு கட்டு டயப்பரை எடுத்து நீட்டினேன், ஆங்கிலத்தில்தான். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் நாளிலிருந்தே அவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் தெரியாத மாதிரியே ஒரு மாதம் நடித்திருக்கிறோம்.

அவர்களாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் தெரிவது என்று டீக்கனிடம் சொல்லவும் செய்தேன். சொல்லும்போதே எனக்கு ஒப்பவில்லை. அந்த அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாரே, அது அவராகப் பேசியது இல்லையா? இல்லை, அவருக்குத் தெரிந்த ஒரே கையெழுத்து அதுதானா? பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் கையெழுத்தை மட்டும் ஏன்...? வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு என்று நாற்பது வருடம் போட்ட கை, வேறெப்படிப் போடும். இரண்டு பக்கமும் எனக்கு வாதிட வரும்.

அன்று கையெழுத்துப் போட்டவர்கள் அறுபத்தொன்று, பை வாங்கியவர்கள் அறுபது. வெஸ்ட்ரிக்குக் கொடுத்த அறிக்கையில் அறுபத்தொன்று என்றுதான் எழுதினேன். ஒன்றைக் குறைத்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

படிவங்களை அந்த நிதியாண்டு முடிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 2023 பிப்ரவரிக் கட்டு 2026 செப்டம்பர் 30 வரை. அதற்குப் பிறகு கிழித்துப் போடலாம், அது என் வேலைதான். அந்தத் தாளில் அவர் முகவரியும் இருக்கிறது. என் வீட்டிலிருந்து பத்து நிமிடம், நாங்கள் இட்லி அரிசி வாங்கும் கடைக்கு அந்த வழியாகத்தான் போவோம். ஒருநாளும் நான் அங்கே வண்டியை நிறுத்தியதில்லை. அந்தத் திருப்பம் வரும்போது வேகத்தைக் குறைக்கிறேன் என்று என் கணவர் சொல்கிறார்.